சூத்திரத்தைப் படமாக்க ஜிபி கணக்கில் இறக்க வேண்டாம்

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் கூடலூர், பந்தலூர் பக்கம் கரண்டும் நெட்டும் கண்ணாமூச்சி ஆடும். பள்ளிகளுக்கு வினாத்தாள் டைப் செய்துகொடுக்கும் எனக்கு அப்போது வரும் போன்களில் பாதி ஒரே ரகம்: "லேடெக் இறக்குறேன் சார், பாதியிலேயே நின்னுடுது."

கணிதச் சூத்திரத்தைக் கட்டளையாக எழுதி அச்சுக்கோக்கும் மென்பொருள்தான் லேடெக், டெக் என்ற மென்பொருளின் மேல் கட்டியது. இரண்டும் அடங்கிய முழுத் தொகுப்பான டெக் லைவ் பல ஜிபி. கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1978-ல் டெக்கை வெளியிட்டது புத்தகத்தையே அழகாக அச்சுக்கோக்க. நான்கு பின்னமும் ஒரு வர்க்கமூலமும் வேர்டில் ஒட்ட அவ்வளவு பெரிய ஏற்பாடு எதற்கு?

பைத்தான் நிரல்மொழியில் மேட்பிளாட்லிப் போதும். வரைபடம் போடும் தொகுப்புதான். ஆனால் அதற்குள் மேத்டெக்ஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே லேடெக் பாணியில் எழுதினால், லேடெக் இல்லாமலே பிஎன்ஜி அல்லது எஸ்விஜி படமாகத் தரும். எழுத்துருவும் கூடவே வருவதால், ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு நெட்டே வேண்டாம்.

சூத்திரத்தை அடைக்கும் மேற்கோள் குறிக்கு முன்னால் 'ஆர்' (r) எழுத்தைப் போட மறக்காதீர்கள். போடாவிட்டால் தீட்டா (\theta) கட்டளையின் சாய்கோட்டையும் அடுத்துள்ள 'டி'யையும் பைத்தான் 'டேப்' இடைவெளி என்று எடுத்துக்கொள்ளும். தீட்டா வர வேண்டிய இடத்தில் 'ஹீட்டா' நிற்கும். அச்சுக்கு டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) 300 கொடுங்கள், வழக்கமான 100 ஜெராக்ஸில் மங்கும். தமிழ்ச் சொற்களைச் சூத்திரத்துக்குள் திணிக்காதீர்கள்: முதலில் கட்டம் கட்டமாக வரும், தமிழ் எழுத்துரு கொடுத்தாலும் 'கோணம்' கொம்பு இடம்மாறிப் பல்லிளிக்கும். வேர்டிலேயே தமிழைத் தட்டிக்கொள்ளலாம்.

அணிகள் (மேட்ரிக்ஸ்) மேத்டெக்ஸ்டில் வராது. அதற்கு, இணையப் பக்கங்களில் சூத்திரம் காட்டும் மேத்ஜாக்ஸ் என்ற நிரலைக் கணினியிலேயே வைத்து எஸ்விஜியாக எடுக்கலாம். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு பிசிறாது.

சூத்திரத்தை அனுப்பினால் படமாக்கித் தரும் இணையதளங்கள்தான் எனக்குப் பிடிக்காதவை. பலவற்றில் நீங்கள் எழுதியது இணைய முகவரியிலேயே போகிறது, அவர்கள் சர்வரில் பதிவாகலாம். நாளை மறுநாள் தேர்வுக்கான கேள்வியை முன்பின் தெரியாதவர் வாசலில் எழுதிவைப்பானேன்? அந்தப் படத்துக்கு இணைப்பு மட்டும் கொடுத்தால் இன்னொரு வினை. கூகுள் இப்படிப் படம் தந்துவந்த சேவையை 2012-ல் கைவிடுவதாக அறிவித்து, 2019-ல் நிறுத்தியேவிட்டது. அதை நம்பிய பக்கங்களில் சூத்திரம் இருந்த இடம் காலி. படக்கோப்பை உங்களிடமே வையுங்கள். அதை உண்டாக்கிய வரியையும் பக்கத்திலேயே சேமியுங்கள், அடுத்த வருடம் எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

பார்வையற்ற மாணவருக்கு வினாத்தாளைக் கோப்பாகக் கொடுப்பதானால், ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரையில் (ஆல்ட் டெக்ஸ்ட்) "எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஐந்து எக்ஸ்" என்று வாசிக்கும்படியே எழுதிவிடுங்கள். திரைவாசிப்பான் படத்தைப் படிக்காது.