மரம் இங்கே, மழை எங்கே?

"மரம் நட்டால் மழை வரும் என்கிறீர்கள். மரம் நட்ட இடத்தில் ஓடை வற்றிப்போனதாகவும் படிக்கிறேன். எதை நம்புவது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டையும் நம்பலாம். ஓடையில் குறைந்த தண்ணீரே வேறெங்கோ மழையாகப் பெய்திருக்கக்கூடும்.

நீராவிப்போக்கு பள்ளியில் படித்ததுதான். வேர் உறிஞ்சும் நீரில் மிகச் சிறு பங்கே மரத்தில் தங்குகிறது; மற்றதெல்லாம் இலைத்துளை வழியே ஆவியாகிவிடும். புல்லின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணோடு நின்றுவிடுகிறது. மரமோ ஆழத்திலிருந்து கோடையிலும் இறைத்துக்கொண்டே இருக்கும்.

அந்த ஆவி மழையாகிறது என்று எப்படித் தெரியும்? எனக்கு அலுக்காத கதை இது. 1970களில் பிரேசிலைச் சேர்ந்த எனேயாஸ் சலாட்டி, அமேசான் மழைநீரின் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, ஆராய்ந்தார். நீர் மூலக்கூறுகளில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒன்று ஆக்சிஜன்-18 அணுவைச் சுமப்பதால் சற்றுக் கனமானது. மேகம் மழையாகும்போது கனமானவை முந்திக்கொண்டு விழும். எனவே அட்லாண்டிக் கடற்காற்று உள்நாட்டுக்குள் போகப்போக, மழைநீரில் கனமான மூலக்கூறுகள் அருகிக்கொண்டே வர வேண்டும். அமேசானில் அவை அவ்வளவாகக் குறையவில்லை! விழுந்தவற்றை ஏதோ ஒன்று மறுபடி மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. குளத்து நீர் ஆவியானால் கனமானவை பின்தங்கிவிடும். இலைக்கு அந்த ஓரவஞ்சனை கிடையாது; வேர் உறிஞ்சிய கலவை எதுவோ, நாள் கணக்கில் பார்த்தால் அதையே வெளியே விடுகிறது. இந்தத் தடயத்தை வைத்து, அமேசான் மழையில் ஏறக்குறைய பாதி அங்கேயே சுற்றிவரும் நீர் என்று சலாட்டியின் குழு காட்டியது.

ஆனால் அமேசான் மிகப் பெரியது. ஒரு நீர் மூலக்கூறு சராசரியாக எட்டொன்பது நாள் காற்றில் இருக்கும். அதற்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் தோப்பு வைத்தால், செலவு அந்தப் பள்ளத்தாக்குக்கு. வரவு காற்று போகும் திசையில் இருப்பவர்களுக்கு. தென்னாப்பிரிக்காவின் யோங்கர்ஸ்ஹுக்கில் 1930களிலேயே ஓடைகளை அளக்கத் தொடங்கினார்கள். புதர்நிலத்தில் பைன் நட்டபின் நீரோட்டம் குறைந்தது. 1998ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், வணிகத் தோப்பை நீரோட்டத்தைக் குறைக்கும் செயல் என்றே வகைப்படுத்தியது. இப்படிப் பல்லாண்டு பொறுமையாக ஓடையை அளப்பவருக்கு இன்று நிதி கிடைப்பது அரிது. லட்சம் கன்று நட்டோம் என்றால் பணம் கொட்டுகிறது. அவற்றில் எத்தனை பிழைத்தன என்று எண்ணக்கூட யாருமில்லை.

வெப்பநிலைக்கும் இடம்தான் கணக்கு. வெப்பமண்டலக் காடு ஆவியால் குளிர்விக்கிறது. பனி மூடும் வடபகுதியிலோ, வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்பரப்பைக் கரும்பச்சை ஊசியிலைகள் மறைத்துவிடுகின்றன. அங்கே காட்டை விரிவாக்கினால் சூடு கூடலாம் என்று காலநிலை விஞ்ஞானி கோவிந்தசாமி பாலா குழுவின் 2007 கணினி மாதிரி காட்டியது.

சரி, வறண்ட நிலத்தில் மரமே கூடாதா? புர்க்கினா ஃபாசோவில் நடந்த ஆய்வொன்று 2016இல் வெளியானது. மரமே இல்லாத இடத்தில் மண் இறுகி, மழைநீர் வழிந்தோடிவிடுகிறது. அடர்ந்து நட்டால் மரங்களே குடித்துவிடுகின்றன. நிலத்தடி நீர் அதிகம் ஊறுவது, இடைவெளி விட்டு மரங்கள் நிற்கும் நிலத்தில்தான்.