'தொலைந்தது' என்று எழுதச் சொல்வார்கள், எழுதாதீர்கள்

காணாமல் போன செல்போனை முடக்கவும் தேடவும் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' இணையதளம் 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் இயங்குகிறது. கட்டணம் இல்லை. சிக்கல் போலீஸ் ஸ்டேஷனில்தான்.

விண்ணப்பத்தோடு புகார் நகலை ஏற்ற வேண்டும். பஸ்ஸில் போனைப் பறிகொடுத்த ஒரு அக்காவோடு ஸ்டேஷனுக்குப் போனேன். "அது எங்க லிமிட் இல்லம்மா" என்றார்கள். அடுத்த ஸ்டேஷனிலும் அதே பாட்டு. அக்காவுக்கு இரண்டு நாள் கூலி போயிற்று. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு அது. எஃப்ஐஆர் போட மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம். பிரிவு எண்ணைச் சொன்ன பிறகுதான் எங்கள் மனுவையே கையில் வாங்கினார்கள்.

அடுத்து, "தொலைஞ்சு போச்சுன்னே எழுதிக் குடுங்க, சீக்கிரம் முடியும்" என்பார்கள். முடிவது அவர்கள் வேலை. திருட்டு என்றால் எஃப்ஐஆர். தொலைந்தது என்றால் சிஎஸ்ஆர் ரசீதோடு (புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டும்) சரி. போனுக்கு இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். திருடு போனதைத் திருடு போனது என்றே எழுதுங்கள். நகல் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது ஓடிபி வர, தொலைந்த அதே நம்பரில் டூப்ளிகேட் சிம் வேண்டும். புது சிம்மில் எஸ்எம்எஸ் வர 24 மணி நேரம் ஆகும். இது தெரியாமல் கம்ப்யூட்டர் சென்டருக்கு நாலு நடை நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பத்தில் கேட்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் (போனின் அடையாள எண்) போன் பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண், இரண்டையும் கொடுங்கள். (போன் இப்போது கையில் இருந்தால் *#06# அழுத்தி எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். போனிலேயே சேமித்து என்ன பயன்?)

முடக்கிய போனில் யாராவது சிம் போட்டால் நெட்வொர்க் கண்டுகொள்ளும். விவரம் போலீசுக்குப் போகும். உங்களுக்கு மேப்பில் இடம் காட்டாது. ஆகவே "ஐஎம்இஐ குடுங்க, லொகேஷன் தர்றேன்" என்று காசு கேட்பவன் ஏமாற்றுக்காரன். தகவல் கிடைத்ததாக எஸ்எம்எஸ் வந்தால், ஸ்டேஷனிலிருந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காமல், விண்ணப்பித்தபோது இணையதளம் கொடுத்த கோரிக்கை எண்ணோடு நீங்களே போய் நில்லுங்கள்.

போன் கைக்கு வந்ததும் அதே கோரிக்கை எண்ணை வைத்து முடக்கத்தை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் சிம்மும் அதில் வேலை செய்யாது.