லூபஸ் சிகிச்சை: வழிகாட்டியின் எண்கள் ஓபி சீட்டுக்கு வரும்போது

எதிர்ப்பாற்றல் தன் உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் என்று உறுதியானால் முதலில் எழுதப்படும் மருந்து ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். ஐரோப்பிய மூட்டுநோய் அமைப்பான யூலார் 2023-ல் புதுப்பித்த வழிகாட்டியும், தகுந்த தடை இல்லாதவரை எல்லா நோயாளிகளுக்கும் அதையே சொல்கிறது. இலக்கு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. அந்த எண்ணை மாத்திரையாக மாற்றும் இடத்தில்தான் தவறு நடக்கிறது. கடையில் கிடைப்பவை 200, 300, 400 மி.கி. மாத்திரைகள். 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்குப் பழக்கத்தில் 400 எழுதினால் கிலோவுக்கு ஏறக்குறைய 9 மி.கி.; வருடக்கணக்கில் போனால் விழித்திரைக்கு ஆபத்து. கண்ணுக்குப் பயந்து 70 கிலோ ஆளுக்கு 200 எழுதினாலோ 3 மி.கி.கூடத் தேறாது, நோய் மறுபடி கிளம்பும்.

50 கிலோவுக்கு 250 மி.கி. வேண்டும். ஒருநாள் 200, மறுநாள் 300 என்று கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும். இந்த மருந்தின் அளவு உடம்பில் பாதியாகக் குறையவே பல வாரங்கள் ஆகும் என்பதால், நாளுக்கு நாள் ஏறி இறங்குவது பொருட்டல்ல. அதே காரணத்தால் பலன் தெரியவும் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால், ஒரு மாதத்தில் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுவார்கள்.

கண் பரிசோதனை முதல் வருடத்துக்குள் ஒன்று, ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு வருடந்தோறும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் எடுப்பவர்களுக்கும் ஐந்து ஆண்டு காத்திருக்கக் கூடாது. டார்ச் அடித்து விழித்திரையைப் பார்ப்பது போதாது. விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனும், பார்வை எதுவரை எட்டுகிறது என்று அளக்கும் பார்வைப்புலச் சோதனையும் வேண்டும். ஆசியர்களிடம் சேதம் மையத்தைவிட்டுச் சற்றே வெளியே தொடங்குவது அதிகம். மையத்தை மட்டும் அளக்கும் 10-2 என்ற பார்வைப்புலச் சோதனை அதைத் தவறவிடும், இன்னும் அகலமாக அளக்கும் 24-2 சோதனையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

ஸ்டீராய்டில் நடக்கும் பிழை வேறு மாதிரியானது. தொடங்கும் தேதி சீட்டில் இருக்கும், குறைக்கும் தேதி இருக்காது. யூலார் சொல்லும் பராமரிப்பு அளவு, நாளொன்றுக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 5 மி.கி. அல்லது அதற்கும் கீழே, முடிந்தால் நிறுத்தம். சிறுநீரக லூபஸுக்கு அமெரிக்க வாதநோய் கல்லூரியின் 2024 வழிகாட்டி கொடுக்கும் பாதை தெளிவானது: மெத்தில்பிரெட்னிசோலோன் 250 முதல் 1000 மி.கி. வரை ஊசியாக 1 முதல் 3 நாள், பிறகு வாய்வழி பிரெட்னிசோலோன் கிலோவுக்கு 0.5 மி.கி.க்கு மிகாமல், ஆறு மாதத்துக்குள் 5 மி.கி. அல்லது அதற்குக் கீழ். இது நடக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கூடவே தொடங்க வேண்டும். ஸ்டீராய்டைக் குறைத்து, நோய் கிளம்பியபின் அசதயோப்ரின் போன்ற அந்த மருந்தைத் தேடுவது தலைகீழ் வரிசை.

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை முக்கியமான எண், சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். அது 0.5-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் சிறுநீரகத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி பற்றிப் பேச வேண்டும். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர் நல்லது. மாதவிலக்கு நாட்களில் எடுத்தால் முடிவு ஏமாற்றும். சிகிச்சை தொடங்கி 3 மாதத்தில் புரதம் கால்பங்காவது, 6 மாதத்தில் பாதியாவது குறைய வேண்டும்.

எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளில் மைக்கோஃபினோலேட்டின் அளவு நாளொன்றுக்கு 2 முதல் 3 கிராம். எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும், நோயாளி தானாகவே 1 கிராமுக்கு இறங்கிக்கொள்வார். ‘மருந்து கேட்கவில்லை’ என்று வருபவர்களிடம் தினமும் எத்தனை மாத்திரை என்று எண்ணிக் கேட்பது நல்லது. 500 மி.கி. இருவேளையில் தொடங்கி வாரந்தோறும் ஏற்றலாம். அதற்கு மாற்றாக உள்ள குறைந்த அளவு சைக்ளோபாஸ்பமைடு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 500 மி.கி., மொத்தம் ஆறு ஊசி. மாத்திரையை ஒழுங்காக விழுங்க முடியாதவர்களுக்கு இதுவே மேல்.

அசதயோப்ரின் தொடங்கினால் இரண்டு வாரத்தில் ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த மருந்தை உடம்பு கையாள உதவும் நுட்15 மரபணுவில் மாறுபாடு ஆசியர்களிடம் பரவலாக உண்டு; உள்ளவர்களுக்கு வெள்ளணுக்கள் சட்டென்று சரியும். திடீரென்று முடி கொத்தாக உதிர்வது அதன் எச்சரிக்கை. யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால், ஃபெபக்ஸோஸ்டாட் மாத்திரைகளை இதோடு சேர்ப்பது ஆபத்து.

லூபஸின் வேகத்தைக் கவனிக்க எடுக்கும் டிஎஸ்டிஎன்ஏ ரத்தப் பரிசோதனையின் எண் மட்டும் ஏறி, நோயாளி நன்றாக இருந்தால் ஸ்டீராய்டைக் கூட்டக் கூடாது. அடுத்த ஓபியை நெருக்கமாக வைத்தால் போதும். நோயைக் கண்டறிய உதவும் ஏஎன்ஏ பரிசோதனையை, நோய் உறுதியானபின் திரும்பத் திரும்ப எடுப்பது காசுக்குக் கேடு.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி காய்ச்சல்: நோய் கிளம்பியதா, கிருமியா? கிளம்பியிருந்தால் பொதுவாக ரத்தத்தில் சி3, சி4 என்ற எதிர்ப்பாற்றல் புரதங்கள் குறையும், வெள்ளணுக்கள் இறங்கும், அழற்சியைக் காட்டும் சிஆர்பி பெரிதாக ஏறாது. சிஆர்பி மிகவும் உயர்ந்திருந்தால் கிருமியை முதலில் தேட வேண்டும். நுரையீரல், இதய உறைகளின் அழற்சியும் மூட்டு வீக்கமும் இதற்கு விதிவிலக்கு: அவற்றில் கிருமி இல்லாமலும் சிஆர்பி ஏறலாம். இந்தியாவில் காசநோயை நினைக்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. காய்ச்சலின் காரணம் தெரியும்வரை மைக்கோஃபினோலேட்டையோ அசதயோப்ரினையோ தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தொடரட்டும். ஸ்டீராய்டை மட்டும் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது: நெடுநாள் எடுத்தவருக்கு, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி உறங்கிப்போயிருக்கும், ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும்.