ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரை இன்னொரு கிளப் கூப்பிடலாமா?

“எங்க பிளேயரைத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள்” என்று ஒரு கிளப் இன்னொரு கிளப்பைக் குற்றம் சொல்லும் செய்தி கால்பந்தில் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர் சீசனிலும் வரும். இங்கிலாந்தில் இதற்கு ‘டேப்பிங் அப்’ என்று பெயர். குமரிக் கடற்கரையின் தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை மைதானங்களுக்கும் இதைத் தடுக்கும் விதிக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏடிகே என்று கிளப் கிளப்பாக ஏறிப்போனதைப் பார்த்து வளர்ந்த பையன்கள் இன்று காண்ட்ராக்ட் போடும் வயதில் இருக்கிறார்கள். 2024-இல் சூப்பர் லீக் கேரளா தொடங்கி, திருவனந்தபுரத்திலேயே கொம்பன்ஸ் என்ற அணி வந்த பிறகு, கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டி வரும் போன் கால்களும் கூடியிருக்கின்றன.

விதியின் மூலம், ஃபிஃபாவின் வீரர் நிலை மற்றும் இடமாற்ற விதிமுறைகளில் 18-ஆவது பிரிவின் 3-ஆவது பத்தி. அதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதிச் சண்டை வருகிறது.

ஒன்று: ஒப்பந்தத்தில் இருக்கும் தொழில்முறை வீரரோடு பேச்சு தொடங்கும் முன், அவர் இப்போதிருக்கும் கிளப்புக்குப் புது கிளப் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டு: ஒப்பந்தம் முடிந்துவிட்டாலோ, முடிய ஆறு மாதத்துக்குள் இருந்தாலோதான் வீரர் வேறு கிளப்போடு தன்னிச்சையாக ஒப்பந்தம் போடலாம்.

முதலாவதில் ‘தெரிவிக்க’ என்றுதான் இருக்கிறது, ‘அனுமதி பெற’ என்று இல்லை. பழைய கிளப் பதில் போடாமல் இருந்தால்கூட, தெரிவித்த கடமை முடிந்தது. ஆனால் ஒப்பந்தத்தில் இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி இருந்தால், பேசலாமே தவிர கையெழுத்துப் போட முடியாது. பழைய கிளப் பணம் வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது இருதரப்பும் சம்மதித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வேண்டும்.

கடைசி ஆறு மாதத்தில் எல்லோரும் தவறுவது வேறு இடத்தில். இந்தியாவில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் மே 31-இல் முடிகின்றன. ஆக டிசம்பர் பிறந்ததும் வீரர் அடுத்த சீசனுக்கு வேறு கிளப்பில் கையெழுத்திடலாம். “அப்போ ஃப்ரீ ஆயாச்சே, கடிதம் எதற்கு?” என்று கேட்பார்கள். கடிதம் அப்போதும் வேண்டும். அது தேவைப்படாதது ஒப்பந்தம் முழுதாக முடிந்த பிறகுதான்.

இந்த விதி தொழில்முறை வீரருக்கு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்து, விளையாட ஆகும் செலவைவிடக் கூடுதலாகப் பணம் பெறுபவர்தான் தொழில்முறை வீரர். ஊர் கிளப்புக்காகப் பேட்டாவும் பூட்ஸும் வாங்கிக்கொண்டு களிக்கிற பையன் அமெச்சூர். அவனை இன்னொரு ஊர்க்காரர்கள் கூப்பிட்டால் மனவருத்தம் வரலாம், 18-ஆவது பிரிவு வராது. அங்கே பார்க்க வேண்டியது பதிவு எந்த கிளப் பெயரில் இருக்கிறது, என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கிடைத்ததா என்பதை மட்டும்தான்.

எது ‘அணுகுதல்’ ஆகும்? இப்படி ஒரு வாட்ஸ்அப் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: “மக்கா, நேத்தைக்கு நல்லா களிச்ச. உனக்க காண்ட்ராக்ட் எப்ப முடியுது? நமக்கு ஒரு லெஃப்ட் பேக் வேணும். மாசம் எவ்வளவு எதிர்பார்க்குத?” முதல் வரி பாராட்டு, அதில் ஒன்றும் இல்லை. இரண்டாவது கேள்வி ஓரத்தில் நிற்கிறது. கடைசி வரி நேரடிப் பேரம். அனுப்பியவர் கோச்சாக இருந்தாலும், மேனேஜராக இருந்தாலும், கிளப் சொல்லி அனுப்பிய பழைய டீம்மேட்டாக இருந்தாலும் கிளப் பேசியதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆள் மாற்றிப் பேசினால் தப்பிக்கலாம் என்பது பழைய நம்பிக்கை.

வீரர் திருப்பி அனுப்ப வேண்டியது ஒரே வரிதான்: “அண்ணே, எனக்க கிளப்புக்கு ஒரு மெயில் போட்டுட்டுப் பேசுங்க.” உண்மையான ஆர்வம் உள்ள கிளப்புக்கு இது பத்து நிமிட வேலை. அதிகாரபூர்வ மெயில் ஐடியிலிருந்து, இன்ன வீரரோடு பேச விரும்புகிறோம் என்று தேதியோடு நான்கு வரி போதும். வீரருக்கும் ஒரு நகல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். மெயில் போட மாட்டேன் என்பவர் பெரும்பாலும் கிளப்பின் ஆளே இல்லை, இடையில் கமிஷன் பார்க்க வந்தவர்.

மைதானத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுப்பது, வீரரை விட்டுவிட்டு அவருடைய கிளப்பிடமே “விற்பீர்களா” என்று கேட்பது, ஊடகத்தில் வரும் வதந்தி: இவை எதுவும் தனியாக மீறல் ஆகாது.

ஏஜெண்ட் விஷயத்தில் 2023 முதல் ஃபிஃபாவின் தனி விதிகள் இருக்கின்றன. தேர்வெழுதி உரிமம் பெற்றவர்தான் ஏஜெண்ட். வீரரோடு அவர் போடும் பிரதிநிதித்துவ ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு மேல் போகக்கூடாது. 18 வயதாகாத பையனை அணுக வேண்டுமென்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அதுவும் அந்த நாட்டில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும் வயதுக்கு ஆறு மாதம் முன்னால்தான் பேச்சே தொடங்கலாம். அப்பா கடலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, பையனிடம் நேரே காகிதத்தை நீட்டுகிறவர் இந்த விதியை வாசித்தவர் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டப்படியும் 18 ஆகாதவரின் தனிக் கையெழுத்து செல்லாது. ஃபிஃபா கணக்கில் ஒரு ஒப்பந்தம் அதிகபட்சம் ஐந்து வருடம், 18-க்குக் கீழ் என்றால் மூன்று வருடம்.

தண்டனை எவ்வளவு என்பதற்குப் பலரும் எடுத்துக்காட்டும் வழக்கு ஆஷ்லி கோலுடையது. 2005 ஜனவரியில், ஆர்சனலில் ஒப்பந்தம் இருக்கும்போதே லண்டன் ஹோட்டல் ஒன்றில் செல்சீ தரப்பைச் சந்தித்தார். செல்சீக்கு 3 லட்சம் பவுண்டு அபராதம், கோச் மொரின்யோவுக்கு 2 லட்சம், கோலுக்கு 1 லட்சம். அப்பீலில் மொரின்யோவுக்கும் கோலுக்கும் 75 ஆயிரமாகக் குறைந்தது. அடுத்த வருடமே கோல் செல்சீக்குப் போய்விட்டார். 2017-இல் சவுதாம்ப்டன் வீரர் வான் டைக் விஷயத்தில் அந்த கிளப்பின் புகார் கிளம்பியதும் லிவர்பூல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கியது; ஆறே மாதத்தில் 75 மில்லியன் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. வெறும் ‘பேசியதற்கு’ அபராதம் விழலாம், இடமாற்றம் நின்றுபோவது அபூர்வம் என்பது இந்த இரண்டிலும் தெரிகிறது.

பேச்சோடு நிற்காமல் வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போய்விட்டால் கதை வேறு. அது 17-ஆவது பிரிவு. நியாயமான காரணம் இல்லாமல் முறித்தால் நஷ்டஈடு உண்டு. ‘பாதுகாப்புக் காலத்துக்குள்’ முறித்தால் நான்கு மாதம் விளையாடத் தடை, மோசமான சூழ்நிலையில் ஆறு மாதம். 28 வயதுக்கு முன் போட்ட ஒப்பந்தம் என்றால் அந்தக் காலம் முதல் மூன்று சீசன் அல்லது மூன்று வருடம். அதற்குப் பிறகு போட்டது என்றால் இரண்டு. தூண்டிவிட்ட கிளப்புக்கு இரண்டு விண்டோ (வீரர்களைப் பதிவு செய்யும் காலம்) புது வீரர் பதிவுத் தடை வரலாம். முன்பு, சேர்த்துக்கொண்ட கிளப்தான் தூண்டியது என்று ஃபிஃபா அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று அந்த கிளப்தான் நிரூபிக்க வேண்டும். பிரெஞ்சு வீரர் லசானா டியாரா வழக்கில் 2024 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, அந்த டிசம்பரிலேயே ஃபிஃபா அதை மாற்றியது. இப்போது தூண்டியதைக் காட்ட வேண்டும், அனுமானம் போதாது. பழைய விதியை வைத்து இன்னும் புகார் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் அன்வர் அலி விவகாரத்தைப் பாருங்கள். டெல்லி எஃப்சியிலிருந்து நான்கு வருட லோனில் (தற்காலிக மாற்றத்தில்) மோகன் பகானுக்குப் போனவர், 2024-இல் அதை முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். செப்டம்பர் 10 அன்று அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பின் வீரர் நிலைக் குழு அவருக்கு நான்கு மாதத் தடையும், டெல்லி எஃப்சி, ஈஸ்ட் பெங்கால் இரண்டுக்கும் இரண்டு விண்டோ பதிவுத் தடையும் விதித்து, மோகன் பகானுக்கு 12.9 கோடி ரூபாய் நஷ்டஈடு தரவும் உத்தரவிட்டது. விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் போனதும், சில நாளிலேயே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டு மறுவிசாரணை என்றானது. லோன் வீரர் என்றால் இரண்டு கிளப் சம்பந்தப்படுகிறது; இரண்டுக்கும் மெயில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

புகார் கொடுக்கும் கிளப் எங்கே சறுக்குகிறது? முதலில் சம்பள பாக்கியில். இரண்டு மாதச் சம்பளம் தராமல் இருந்தால், வீரர் எழுத்தில் 15 நாள் கெடு கொடுத்து, அப்போதும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அதன்பின் “எங்கள் வீரரை வளைத்தார்கள்” என்ற புகாருக்குக் கால் இருக்காது. அடுத்தது சாட்சி. வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைவிட, தேதியோடு முழு சாட்டையும் எக்ஸ்போர்ட் செய்தது நிற்கும். எதிர் கிளப் எடுத்துக் கொடுத்த ரயில் டிக்கெட், ஹோட்டல் புக்கிங், ஜிபேயில் வந்த அட்வான்ஸ் ஆகியவை பேச்சைவிடப் பலமானவை.

வீரர் தரப்பில் பெரிய ஆபத்து, “இது காண்ட்ராக்ட் இல்லப்பா, சும்மா ஒரு லெட்டர்தான்” என்று வரும் காகிதம். தலைப்பில் ‘விருப்பக் கடிதம்’ என்று இருக்கலாம். இருதரப்புப் பெயர், காலம், சம்பளம், கையெழுத்து இருந்தால் அதை ஒப்பந்தமாகவே எடுத்துக்கொள்ள இடமுண்டு. பிறகு பழைய கிளப்பிலும் நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டால், ஒரே காலத்துக்கு இரண்டு ஒப்பந்தம். “மெடிக்கல் பாஸானால்தான் செல்லும்” என்ற வரியை நம்பியும் தப்பிக்க முடியாது. 18-ஆவது பிரிவின் 4-ஆவது பத்தி அந்த நிபந்தனையை ஏற்பதில்லை.

புகாரைக் கொண்டுபோகும் இடம் காவல் நிலையம் அல்ல. இது கூட்டமைப்பின் விதி மீறல், குற்றவியல் குற்றம் இல்லை. ஸ்டேஷனில் மிஞ்சிப்போனால் புகார் வாங்கியதற்கான ஒரு சிஎஸ்ஆர் ரசீது கிடைக்கும். தொழில்முறை ஒப்பந்தத் தகராறு கூட்டமைப்பின் வீரர் நிலைக் குழுவுக்கும், அங்கிருந்து அப்பீல் குழுவுக்கும் போக வேண்டும். ஊர் கிளப்புகளின் பதிவு, என்ஓசி சிக்கலை மாவட்டச் சங்கத்தில் தொடங்கி மாநிலச் சங்கத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கியிருந்தாலோ, இல்லாத கிளப் பெயரைச் சொல்லிப் பணம் பிடுங்கியிருந்தாலோ அது மோசடி. அதற்கு ஸ்டேஷன்தான், அன்றைக்கே.