இன்ஜெக்டரில் கை வைக்கும் முன் காற்று வழியைப் பாருங்கள்

வண்டி இழுக்கவில்லை, நிறுத்தத்தில் என்ஜின் நடுங்குகிறது, மஞ்சள் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை என்று பட்டறைக்கு வருபவர்களில் பலர், எரிபொருளைப் பீய்ச்சும் முனையான இன்ஜெக்டரைக் காட்டி, "இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள்" என்று மருந்தையும் தாங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் எரிபொருள் பக்கம் போகும் முன் காற்று வழியைச் சோதிப்பதே முறை. அதற்குச் செலவும் ஆபத்தும் குறைவு.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. உள்ளே வரும் காற்றை சென்சார் அளந்து சொல்ல, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை என்ஜின் கணினி முடிவு செய்கிறது. சென்சாரைத் தாண்டிய இடத்தில் விரிசல் இருந்தால், கணக்கில் வராத காற்று நுழைந்து கலவை மெலிந்துவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது. அப்போது என்ஜின் கணினியைப் படிக்கும் கருவியான ஸ்கேனர் காட்டும் பி0171 என்ற குறியீடு கலவை மெலிந்திருப்பதை மட்டுமே சொல்கிறது. எந்தப் பாகம் பழுது என்று சொல்வதில்லை. அதைப் பார்த்தவுடன், புகையை அளந்து மெலிவைக் கணினிக்குச் சொல்லும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவது, சேதி கொண்டுவந்தவனைத் தண்டிப்பதைப் போன்றது.

ஏர் ஃபில்டர் பெட்டிக்கும், என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு உள்ள திராட்டில் பாடிக்கும் நடுவில் உள்ள மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயைக் கையால் வளைத்துப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் மடிப்பின் பள்ளத்தில் ஒளிந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கையில் என்ஜின் அசையும்போதுதான் வாய் திறக்கும். ஸ்கேனரில் எரிபொருள் திருத்த அளவு (மெலிவை ஈடுகட்டக் கணினி கூட்டும் எரிபொருள்) ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, 20 சதவீதம் வரை ஏறி, 2500 ஆர்பிஎம்மில் சுழியத்தை நெருங்கினால் காற்றுக் கசிவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மாறாக, வேகமும் சுமையும் கூடக் கூட அளவும் ஏறினால் அழுக்கேறிய காற்று சென்சார், அடைபட்ட எரிபொருள் ஃபில்டர், பலவீனமான எரிபொருள் பம்ப் ஆகியவற்றைப் பார்க்கலாம். (காற்றின் அளவை நேரடியாக அளக்காமல், உள்வாங்கு குழாயின் அழுத்தத்தை மட்டும் அளக்கும் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே கசிவு பெரும்பாலும் ஐட்லிங்கை உயர்த்திவிடும்.) கசிவைக் கண்டுபிடிக்க, காற்று வழிக்குள் புகையைச் செலுத்தி அது எங்கே வெளியேறுகிறது என்று பார்க்கும் புகைச் சோதனையே நல்லது. சூடான என்ஜின் மீது கார்ப் கிளீனரைப் பீய்ச்சிப் பார்க்கும் பழக்கம் தீயில் போய் முடியலாம்.

காற்று சென்சாரின் கம்பி மிக மெல்லியது. அதற்கென்றே உள்ள கிளீனரைத் தவிர பிரஷ், துணி, கம்ப்ரசர் காற்று எதுவும் அதன் மேல் படக்கூடாது. மோட்டாரில் இயங்கும் திராட்டில் தகட்டை, சாவி போட்ட நிலையில் விரலால் தள்ளாதீர்கள். சுத்தம் செய்த பிறகு பல வண்டிகளில் ஐட்லிங்கை மறுபடி பதிய வைக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகே எரிபொருள் குழாய்க்கு வர வேண்டும். சாதாரண பெட்ரோல் இன்ஜெக்ஷனில் அழுத்தம் பொதுவாக 3 முதல் 4 பார் (ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). எரிபொருளை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷனில் 200 பார் வரையும் அதற்கு மேலும் போகும். எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாயான டீசல் காமன் ரெயிலில் 2000 பாரையும் எட்டும். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால், வெளியே ஒரு சிறு புள்ளி மட்டுமே தெரியும், வலியும் அதிகம் இருக்காது; ஆனாலும் தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும் என்பதால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெட்ரோல் வண்டியில் பம்புக்கு மின்சாரம் தரும் சுவிட்சான ரிலேயைக் கழற்றிவிட்டு, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கிய பின், பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். நேரடி இன்ஜெக்ஷனுக்கும் டீசலுக்கும் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள முறையே முறை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையிலும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும்.

கழற்றிய ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மறுபடி போடாதீர்கள். எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பிப் பம்பைச் சில விநாடிகள் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தபின் வண்டியைக் கிளப்புங்கள்.