ஷமாட்: அழைப்புப் பறை

பழைய ஐரோப்பியக் கோட்டைப் போர்களைப் பற்றிய எழுத்துகளில் ‘ஷமாட் கொட்டினார்கள்’ என்று ஒரு வரி வரும். தோற்றவர்கள் சரணடையும்போது அடிக்கும் முரசு என்று அதற்குப் பொருள் சொன்னால் அது பிசகு. முற்றுகைக்குள் சிக்கிய படை, ‘பேச வருகிறோம், சுடாதீர்கள்’ என்று எதிரிக்குத் தெரிவிக்கும் முரசடி அது. நிபந்தனை ஒத்துவராவிட்டால் பீரங்கி மறுபடி முழங்கும்.

இது பிரெஞ்சுச் சொல். போர்த்துகீசிய ‘ஷமாதா’விலிருந்து வந்தது என்று சில அகராதிகளும், வட இத்தாலிய வழக்கிலிருந்து வந்தது என்று வேறு சிலவும் சொல்கின்றன. எந்த வழியில் போனாலும் வேர் ‘கிளாமாரே’ என்ற லத்தீன் வினைதான். பொருள்: கூவுதல். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் நெஞ்சு படபடப்பதை ‘இதயம் ஷமாட் கொட்டுகிறது’ என்கிறார்கள்.

அமெரிக்க விடுதலைப் போரில், 1781 அக்டோபர் 17 காலை, வர்ஜீனியாவின் யார்க்டவுனில் முற்றுகைக்குள் சிக்கியிருந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் அரண்மேல் ஒரு முரசுக்காரர் ஏறி நின்று கொட்டினார். குண்டுச் சத்தத்தில் முரசு எடுபடவில்லை. சிவப்புச் சீருடைதான் முதலில் கண்ணில் பட்டது. பிறகு ஓர் அதிகாரி வெள்ளைக் கைக்குட்டையை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தார். பீரங்கிகள் ஓய்ந்தன, முரசு கேட்டது. அவர் கண்ணைக் கட்டி அழைத்துப்போனார்கள். எதிர்ப்பக்கம் இருந்த எபனேசர் டென்னி என்ற இளம் அமெரிக்க அதிகாரி, இதற்கு ஈடான முரசொலியைத் தான் கேட்டதே இல்லை என்று நாட்குறிப்பில் எழுதினார்.

அக்டோபர் 19-இல் நடந்த சரணடைவின் இசை வேறு. மதிப்போடு வெளியேறும் படை கொடியை விரித்து, வென்றவரின் மெட்டு ஒன்றை வாசித்துப் போவது அன்றைய மரபு. 1780-இல் சார்ல்ஸ்டன் நகரில் சரணடைந்த அமெரிக்கப் படைக்கு பிரிட்டிஷார் அந்த மரியாதையை மறுத்திருந்தார்கள். அதனால் யார்க்டவுன் உடன்படிக்கை, கொடிகளைச் சுருட்டி உறையிட வேண்டும், வென்றவரின் மெட்டை அல்ல, தங்கள் பக்கத்து பிரிட்டிஷ் அல்லது ஜெர்மன் நடைமெட்டைத்தான் வாசிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. ‘உலகம் தலைகீழானது’ என்ற பாட்டை வாசித்தார்கள் என்பது பல பத்தாண்டுகள் கழித்து அச்சேறிய கதை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘சரண் முரசு’ பொருளையே மாற்றிவிடும். ‘சமாதான முரசு’ என்றால் போர் முடிந்துவிட்டது போல ஒலிக்கிறது. முரசு என்ற சொல்லும் எனக்கு இங்கே உறுத்துகிறது. சங்க இலக்கியத்தில் அது வேந்தனின் அதிகாரச் சின்னம், வென்றவன் கவர்ந்து செல்லும் பொருள். பறை என்பதே பொருத்தம். பறைதல் என்றால் சொல்லுதல், மலையாளத்தில் அது இன்றும் அன்றாடப் பேச்சு. ஷமாட்டின் வேரில் கூவுதல் இருப்பதுபோல இதன் வேரில் சொல்லுதல் இருக்கிறது. ஆகவே ‘அழைப்புப் பறை’ என்றே எழுதுவேன். வினையாக வரும்போது, ‘அழைப்புப் பறை கொட்டினார்கள்’.