கலிபோர்னியாவைக் கரையோடு சேர்த்த நீலச் சிப்பி

செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் ஒரு நிலம் தீவா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பெரும்பாலும் கப்பலில் சுற்றிவந்துதான். ஆனால் எவுசேபியோ கீனோ என்ற இயேசு சபைக் குருவுக்கு ஒரு சிப்பி போதுமானதாக இருந்தது.

17-ஆம் நூற்றாண்டு வரைபடங்கள் பலவற்றில் கலிபோர்னியா ஒரு தீவு. கீனோ 1684-85 குளிர்காலத்தில் அந்த நிலத்தின் தென்பகுதியை (இன்று மெக்சிகோவில் உள்ள பாஹா கலிபோர்னியா) குறுக்கே கடந்து பசிபிக் கரையை அடைந்தார். அங்கே அபலோனி என்ற கடல் நத்தையின், உட்புறம் நீலமாக மின்னும் சிப்பிகள் கிடந்தன. பிறகு 1699-இல், இன்றைய அரிசோனாவில் ஹீலா ஆற்றோரம் வாழ்ந்த பழங்குடியினர் அதே நீலச் சிப்பிகளை அவருக்குப் பரிசாகத் தந்தார்கள். கலிபோர்னியாவின் தென்பகுதிக்கும் மெக்சிகோவின் பெருநிலத்துக்கும் நடுவில் இருக்கும் வளைகுடாவில் இந்தச் சிப்பியை அவர் கண்டதில்லை. அப்படியானால் பசிபிக் கரையிலிருந்து இது தரை வழியாகத்தானே வந்திருக்க வேண்டும்? விசாரித்தபோது அவர்களும் அதைத்தான் சொன்னார்கள்.

சரி, பசிபிக் பக்கம் இருக்கும் சிப்பி வளைகுடாவில் ஏன் இல்லை? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

அந்தப் பசிபிக் கரையில் காற்று வடக்கிலிருந்து தெற்காகக் கரையை ஒட்டி வீசும். தண்ணீரும் தெற்கே போகும் என்றுதான் யாரும் நினைப்போம். போவதில்லை. பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் நகரும் நீர் வலப்பக்கம் விலகும். மேலடுக்கு கொஞ்சம் விலகும்; அது இழுக்கிற கீழடுக்கு இன்னும் கொஞ்சம்; அதற்கும் கீழே இன்னும் அதிகம், ஆனால் வேகம் குறைந்துகொண்டே போகும். எல்லா அடுக்குகளையும் கூட்டிப் பார்த்தால் நீர் காற்றுக்குச் செங்குத்தாக, அதாவது கரையை விட்டு மேற்கே நகர்ந்திருக்கும். ஆர்க்டிக்கில் பனிப்பாளங்கள் காற்றின் திசைக்கு வலப்புறமாக மிதந்து போவதை நார்வே ஆய்வுப் பயணி நான்சென் கவனித்தார். ஏன் என்று ஸ்வீடன் கடலியலாளர் எக்மான் கணக்குப் போட்டுக் காட்டினார்.

மேல்நீர் விலகிய இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வரும். அதில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைய. அந்த உரத்தைத் தின்று ராட்சதக் கெல்ப் என்னும் கடற்பாசி ஒரே நாளில் ஓர் அடிக்கு மேல்கூட வளரும். அபலோனிக்கு அதுதான் சாப்பாடு. வளைகுடாவின் வட பகுதியிலோ கோடையில் நீர் 30 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் ராட்சதக் கெல்ப் பிழைக்காது. ஆக, காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து அந்தச் சிப்பிக்கு முகவரி எழுதிவிட்டன.

இவ்வளவு கூர்மையாக யோசித்த இதே மனிதர்தான் 1680-இல் தோன்றிய வால்நட்சத்திரம் கேட்டின் அறிகுறி என்று நூல் எழுதினார்! மெக்சிகோ அறிஞர் சிகுவென்சா அதைக் கடுமையாக மறுத்தார். படித்தவருக்கு மூடநம்பிக்கை இருக்காது என்று நினைப்பவர்களிடம் நான் கீனோவைத்தான் காட்டுவேன்.

1702-இல் கீனோ கொலராடோ ஆற்றின் முகத்துவாரம் வரை போய்க் கண்ணாலேயே பார்த்துவிட்டார். வளைகுடா அங்கே முடிந்துபோனது. வரைபடக்காரர்கள் சிலர் அப்போதும் மசியவில்லை. கலிபோர்னியா தீவல்ல என்று ஸ்பெயின் மன்னர் ஆறாம் ஃபெர்டினாண்ட் அறிவிக்க 1747 ஆனது. அந்தச் சிப்பிகளைக் கைமாற்றிப் பாலைவனம் தாண்டிக் கொண்டுவந்த மக்களிடம் மட்டும் யாராவது முன்பே கேட்டிருக்கலாம்.